எங்கள் ஹாலுக்கு மேல் ஓர் ஓட்டை

செகந்திராபாத் அல்வாலில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு மூன்று மாடிகளுக்குத்தான் அனுமதி. மூன்றாவது மாடி எங்களுடையது. கட்டியவர் எங்கள் தலைக்கு மேல் நான்காவதாக ஒன்றை எழுப்பி, ஒரு ஜிம்முக்கு வாடகைக்கு விட்டார். என் மனைவிக்குப் பாலாநகர் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். பிற்பகலில் வந்து படுப்பாள். சரியாக அந்த நேரத்தில் மேலே யாராவது இரும்புக் குண்டைத் தரையில் போடுவார்கள்.

அவள் தூக்கத்துக்காக நான் மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன். பத்திரிகையில் இருந்தவன் என்பதால் சுருக்கமாக எழுதினேன். அதனாலோ என்னவோ, நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்.

இங்கே அனுமதியில்லாத மாடியை முழுக்க இடிப்பது அபூர்வம். கூரையில் ஓர் ஓட்டை போட்டு, அதைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோப்பில் மாடி இடிந்துவிடும். பிறகு ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். எங்கள் கட்டடக்காரர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முன்யோசனைக்காரர். நான்காவது மாடிக்குக் கூரை போடும்போதே ஒரு மூலையில் கம்பி கட்டாமல், சன்னமாக ஒரு சதுரம் விட்டுவைத்திருந்தார். உடைக்க வருகிறவர்கள் சிரமப்படக் கூடாதாம்.

அவர்கள் வந்த அன்று அவர் திருப்பதியில் இருந்தார். மொட்டைமாடிச் சாவியும் திருப்பதியில் இருந்தது. கூரைக்குப் போக வழியில்லை. படமில்லாமல் திரும்பவும் முடியாது. அதிகாரி ஜிம்முக்குள் நின்று சற்று யோசித்துவிட்டு, காலடியில் இருந்த தரையைத் துளைக்கச் சொன்னார்.

அந்தத் தரைதான் எங்கள் ஹாலின் கூரை.

இயந்திரச் சத்தம் கேட்டபோது புகாருக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ரசத்தில் சிமெண்ட் விழுந்தது. தூக்கம் கலைந்து மனைவி ஓடி வந்தாள்.

“ஏங்க, என்னத்த எழுதிக் குடுத்திய? மேலருந்து ஒருத்தன் எட்டிப் பாக்கான்!”

கட்டடக்காரர் மொட்டைத் தலையுடன் வந்து அண்ணாந்து பார்த்தார். “ஹவ் சார், தப்புதான். என் ஓட்டை மேல ரெடியா இருந்துச்சே!”

“அடைச்சுக் குடுங்க.”

“நக்கோ சார், முடியாது. வேற இடம்னா அடைச்சிருவேன். இங்க புகார் குடுத்தவரே கீழ உக்காந்து பாத்துட்டிருக்காரே!”

மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த ஓட்டையை அடைத்தால், இடித்த சட்டவிரோதக் கட்டுமானத்தை மீண்டும் கட்டியதாகிவிடும் என்று அதிகாரி தெலுங்கில் விளக்கினார். அது எங்கள் கூரை என்றேன். ஜிம்மின் தரையும் அதுதானே என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கருவாடு பொரித்தாள். ஓட்டையில் ஜிம் பயிற்சியாளரின் முகம் தெரிந்தது. தமிழ் வீட்டுப் பிள்ளைதான். தமிழ் புரியும், பதில் தெலுங்கில் வரும். நாற்றம் தாங்காமல் இரண்டு பேர் பாதியில் போய்விட்டார்களாம்.

“தம்பி, மத்தியானம் நீ குண்டப் போடாத. நான் கருவாடு போடல,” என்றாள் மனைவி.

“சரே ஆண்டி,” என்றது முகம்.

மாநகராட்சியால் முடியாதது அன்றே முடிந்தது. அதன் பிறகு அவள் பிற்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் மறுபடி பார்வையிட வந்த அதிகாரி, எங்கள் வீட்டுக்கும் ஜிம்முக்கும் இடையே திறந்த வழி இருப்பதாகக் கண்டார். இரண்டும் ஒன்றாகிவிட்டதால் எங்கள் வீடும் வணிக இடம்தான், வரியும் அதற்கேற்பத்தான் என்றார். இதிலிருந்து தப்ப ஒரே வழி, நான்காவது மாடியைச் சட்டப்படி முறைப்படுத்தி, ஓட்டையை அடைப்பது. அதற்குக் கீழ்வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

எனவே அந்த மாடி ஊருக்கு அவசியம் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டேன். இதையும் சுருக்கமாகத்தான் எழுதினேன். முறைப்படுத்திவிட்டார்கள்.

கட்டடக்காரர் கொத்தனாரை அனுப்பி ஒரே காலையில் ஓட்டையை அடைத்தார். பூச்சு காய்ந்து, வெள்ளையும் அடித்த பிறகு இடம் தெரியவில்லை. மனைவி திருப்தியாகப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

மேலே குண்டு விழுந்தது.

அவள் அடுக்களைக்குப் போய்க் கருவாட்டை எடுத்து வாணலியில் போட்டாள். வீடு முழுக்கப் புகை. மேலே இன்னொரு குண்டு விழுந்தது. வாசம் எட்டவில்லை.

“இன்னொரு புகார் எழுதுங்க,” என்றாள். “இந்த வாட்டி ஓட்டைய அடுப்புக்கு நேர் மேல போடச் சொல்லுங்க.”