கீபோர்டுக்கு நல்ல நேரம் பார்த்த கதை

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்பவே சொன்னேன்!

(யாரிடம் சொன்னேன் என்று கேட்கவேண்டாம். சொன்னேன்.)

போனில் தமிழ் எழுத எங்கள் சிட்னிப் பிள்ளைகள் செய்த இலவசக் கீபோர்ட் தெரியும்தானே? அதன் புரோகிராம் கோட் முழுவதையும் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், சும்மா எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மூளை துஷ்யந்தி. சோதித்துப் பிழை பிடிப்பவன் லிட்கமில் இருக்கும் ரிஸ்வான். அதன் செய்திகளை அறிவிக்கும் இந்த அதிகாரபூர்வ இணையப் பக்கம் அடியேன் கையில்!

ஏன் என் கையில்? முதல் மீட்டிங் பிளாக்டவுனில் என் கராஜில்தான் நடந்தது. ரோல்ஸும் தேத்தண்ணியும் என் வீட்டுடையது. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

பக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எதை அறிவிப்பதென்றாலும் இரண்டு அட்மின் சம்மதித்து ஓம் சொல்லவேண்டும்.

இரண்டாவது அட்மின் என் மனைவி பரமேஸ். (நான்தான் சேர்த்துவிட்டேன். தூரநோக்கு!)

போன கிழமை கோயில் ஐயருக்குப் போன் போட்டேன். அவர் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஞாயிறு பதினொரு மணிக்கு முன்னம் முடிச்சுப்போடுங்கோ. அதை விட்டால் இந்த வருசத்தில வேற நல்ல நேரம் இல்லை" என்றார்.

உடனே எழுதினேன்: 'புதிய பதிப்பு! ஞாயிறு காலை, சுபநேரத்தில், ஹெலன்ஸ்பர்க் கோயில் கார் பார்க்கில் வெளியீடு! அனைவரும் வருக!'

குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டேன். "பரமேஸ், ஓமோ?"

"ஓம், ஓம்." (கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.)

சட்டப்படி இரண்டு ஓம். போட்டாச்சு!

சற்று நேரத்தில் துஷ்யந்தியின் போன்.

"அங்கிள், ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"ஐயரை."

"என்னையெல்லோ கேட்டிருக்கவேணும்! ஸ்பேஸ் தட்டினா கீபோர்ட் தானா மூடுப்படுது. அதைத் திருத்தாமல் எப்பிடி வெளியில விடுறது?"

"ஸ்பேஸ் விடாமல் எழுதச் சொல்லு பிள்ளை."

அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"சரி, டிலீட் பண்ணட்டோ?"

"ஐயோ வேண்டாம்! டொரொன்டோ, லண்டன் எல்லாம் ஷெயர் பண்ணிட்டினம். தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் ஞாயிறு எடுக்கவெண்டு காத்துக்கொண்டு நிக்குது. இப்ப இல்லையெண்டால் இனி எங்கட பக்கத்தில வாறதை ஒருத்தரும் நம்பாயினம். அதோட அங்கிள், எல்லாருக்கும் பொதுவான பக்கத்தில பஞ்சாங்கம் ஏன்?"

"கார் வாங்கினாலே பூசை போடுறம். கீபோர்டுக்குப் போட்டால் என்ன?"

"ஞாயிறு வோட் எடுக்கிறம். உங்களை அட்மினா வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு."

பிளாக்டவுன் தமிழ்க் கடையில் என்னைப் 'பேஜ் அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார்கள். அட்மின் போனால் நான் வெறும் அங்கிள்!

ஞாயிறு வந்தது. கார் பார்க்கில் பாதிச் சிட்னி! (சரி, சாமி கும்பிட வந்தவர்களையும் சேர்த்து.)

ரிஸ்வானின் வான் வண்டிப் பொனட்டில் லாப்டாப். துஷ்யந்தி அதற்குள் தலையை விட்டுக் கோட் திருத்திக்கொண்டு நின்றாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு போனேன்.

"அங்கிள், ஸ்க்ரீன்ல வெக்காதீங்க!" ரிஸ்வான் கையைக் குறுக்கே நீட்டினான். "நேரம் நல்லாத்தான் இரிக்கி. கீபோர்ட்தான் இன்னும் நல்லா வரல்ல."

லாப்டாப்புக்குச் சில்லு, அதாவது சக்கரம், இல்லாதபடியால், எலுமிச்சம்பழத்தை வான் வண்டியின் சில்லுக்கு அடியில் வைத்தேன்.

துஷ்யந்தி நிமிர்ந்தாள். "இப்ப தட்டிப் பாருங்கோ ரிஸ்வான்."

தட்டினான். ஸ்பேஸ். மறுபடி ஸ்பேஸ். மூடவில்லை!

அவன் "அல்ஹம்துலில்லாஹ்!" என்றான். நான் "அரோகரா!" என்றேன். துஷ்யந்தி "ரிலீஸ்!" என்றாள். (மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்.)

எலுமிச்சம்பழம் வேலை செய்ததை யாருமே ஒத்துக்கொள்ளவில்லை!

சொன்ன நேரத்துக்குள் வெளியீடு முடிந்தது. கோயில் கான்டீன் வரிசையில் நாங்கள்தான் முதல் ஆட்கள். மசாலா தோசை மேசையிலேயே வோட்.

துஷ்யந்தி பரமேஸைக் கேட்டாள். "அன்ரி, அந்தப் பதிவை வாசிச்சுப்போட்டோ ஓம் சொன்னனீங்கள்?"

பரமேஸ் தோசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இவர் கேக்கிறதுக்கெல்லாம் அப்பிடித்தான் பிள்ளை ஓம் சொல்லுறன். இல்லாட்டி ஒரு வேலை நடக்குமோ?"

ரிஸ்வானுக்குச் சட்னி புரையேறியது. "அப்ப அன்ரிக்கே சாவியக் குடுங்க! வாசிச்சுட்டு ஓம் சொல்லட்டும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. (என் மனைவியின் கைதான் முதலில்!)

தீர்ப்பு: என்னை நீக்கவில்லை! நான் எழுதலாம். பரமேஸ் முழுவதும் வாசித்து, அவளே பட்டனை அமத்தினால்தான் வெளியே போகும். வெளியீட்டு நேரம் குறிப்பது இனித் துஷ்யந்தி. நடந்ததை இந்தப் பக்கத்திலேயே உங்களுக்கு நான் விளக்கவேண்டும்.

ஆகவே நான் இப்போது தலைமை எழுத்தாளர்! (பதவி உயர்வு என்று கடையில் சொல்லியாச்சு.)

இதையும் எழுதிப் பரமேஸிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். ஐயர் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

"ஐயரோட எப்ப கதைச்சனீங்கள்?"

"அது... போனில..."

"உண்மையை எழுதினால் அமத்துறன். இல்லாட்டி இது இங்கயே கிடக்கும்."

சரி, எழுதுகிறேன். ஐயர் நேரம் ஒன்றும் குறிக்கவில்லை. கீபோர்ட் என்று ஒரு சாமான் இருப்பதே அவருக்குத் தெரியாது. நேரம் குறித்தது நான்தான்: பதினொரு மணி தாண்டினால் கான்டீன் வரிசை கார் பார்க் வரைக்கும் வந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், கீபோர்டும் வந்தது, தோசையும் மொறுமொறுவென்று வந்தது. அது நல்ல நேரம் இல்லையென்றால் வேறு எது?