பென்டிரைவில் தொங்கிய சிவப்பு அட்டை

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் மேலகீழ. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்வருகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. எதைக் கண்டாலும் 'இது ஏன் இப்படி?' என்று கேட்டு நின்றுவிடுகிற குணம் அவருக்கு. ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்பார். பேரிங் தேய்ந்திருந்தால் பிடி வழியாகவே சேதி வந்துவிடும். வீட்டு ஃபிரிஜ்ஜையும் அப்படித்தான் கேட்பார். "டாக்டர் வந்துட்டாரு, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று மனைவி சிரிப்பாள்.

அதெல்லாம் அவளுக்குக் குரல் இருந்தபோது. ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் அவள். தொண்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்த பிறகு குரல் வெறும் காற்றாகிவிட்டது. உயிர் தங்கியது ஆண்டவன் கருணை; குரல் எப்போது திரும்பும் என்பதும் அவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஒரு சிலேட்டும் சாக்பீஸும் கையோடு வைத்திருந்தாள். பேச்சில் இருந்த குறும்பு அப்படியே எழுத்துக்கு இறங்கிவிட்டது.

குரல் இல்லாமல் டெலிபோன் வேலை ஏது? ஆனால் அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மா ஈரமனசுக்காரர். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே கேட்டு, டைப் அடித்து அனுப்புகிற வேலை ஒன்று காலியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒரு பதிவு வரும், ஒழுங்காக அடித்துக் கொடுத்தால் வேலை உனக்கு, முடியாவிட்டால் அடுத்த ஆளைத்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கடையில் முழுசாக ஒன்றை வாங்கிவந்திருக்கலாம். மேலகீழயா வாங்குவார்? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை வீட்டுக்குள் எப்படி விடுவது என்று, பாகம் பாகமாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பிவிட்டார். மனைவியின் தம்பி, முடிவெட்டும் கடைக்காரர், உதவி செய்கிறேன் என்று வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். மதியத்துக்குள் பெட்டி கூடிவிட்டது. சிஸ்டம் ஏற்றுவதற்கான பென்டிரைவை செல்போன் கடைக்காரர் தயார் செய்து கொடுத்திருந்தார். கொடுக்கும்போது, "முடியிற வரைக்கும் பாதியில உருவிடாதீங்கண்ணே" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

லிஃப்ட் வேலைக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். மாட்டியவரே கழற்ற வேண்டும், வேலை முடிந்த பிறகே கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் அதில் கை வைக்கக்கூடாது. எத்தனையோ உயிரைக் காத்த கட்டுப்பாடு அது. மேலகீழ பென்டிரைவைச் செருகினார். கருவிப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து அதிலேயே தொங்கவிட்டார்.

"என்ன மாமா, இதுக்குமா?" என்றார் மச்சான்.

"வேலைன்னா எல்லாம் வேலைதான் மச்சான்."

திரை வெளிச்சமானது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பிறகு எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்டுவிட்டு, டிஸ்க் எதுவுமே இல்லை என்று அதுவே சொன்னது.

"சாப்பிட உக்காருன்னு சொல்லிட்டு, தட்டு இல்லேங்குது பாரு" என்றார் மச்சான்.

மேலகீழ மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தார். சூயிங்கம் துண்டு போலிருந்த டிஸ்க்மேல் பழக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தார். மனைவி சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்: 'அதுவும் என்ன மாதிரிதான். பேசாது.'

மச்சான் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. குனிந்தபடியே பார்த்தபோதுதான் மேலகீழயின் கண்ணில் பட்டது: துண்டு ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. முழுசாக உட்காரவில்லை. அழுத்தி உட்காரவைத்துத் திருகாணியை முடுக்கினார். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் திரையில் டிஸ்க் தெரிந்தது.

ஏற்றம் ஓடியது. முழுதும் முடிந்து, திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்தது. மூவரும் முன்னால் சாய்ந்தார்கள். எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

எங்கோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று முதலிலிருந்து செய்தார்கள். ஓடியது, முடிந்தது, இருண்டது. எந்த மொழி வேண்டும்?

"மாமா, இதுக்கு ஞாபகமறதி. எங்க கடைக்கு ஒருத்தர் வருவாரு, முடி வெட்டி எழுந்ததும் மறுபடி வரிசையில போய் உக்காந்துக்குவாரு."

மனைவி சிரிக்கவில்லை. சாயங்கால வெயில் ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சிலேட்டில், 'காலைல என்னங்க சொல்றது அவங்ககிட்ட?' என்று எழுதி, அவர் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

மனதுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டு, இந்த முறை எதையும் தொடாமல் கவனிக்க மட்டும் செய்வோம் என்று கையைக் கட்டிக்கொண்டார். ஏற்றம் ஒழுங்காகத்தான் முடிந்தது. குறை அங்கே இல்லை. இருண்டு எழுந்திருக்கும் அந்த நேரத்தில்தான் எதுவோ அதை ஆரம்பத்துக்கு இழுத்தது.

"மச்சான், தீயணைப்புச் சாவி போட்டா லிஃப்ட் என்ன செய்யும் தெரியுமா? நீ எந்த மாடி பட்டனை அமுக்கினாலும் நேரா கீழதான் வரும். சாவிய எடுக்கிற வரைக்கும் கீழயேதான் நிக்கும்."

"அதுக்கு?"

"இதுலயும் ஏதோ சாவி இருக்கு."

மனைவி பென்டிரைவைப் பார்த்தாள். விறுக்கென்று கை நீட்டினாள்.

"தொடாதே!"

மேலகீழ அப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவருக்கே திக்கென்றது. "இல்லம்மா... அட்டை தொங்குது. வேலை முடியல. முடியாம கழட்டினதே இல்ல நான்."

அவள் கோபிக்கவில்லை. சற்று யோசித்து எழுதினாள்: 'கழட்டினாத்தான் முடியும்னு இருந்தா?' அதன் கீழே இன்னொரு வரி: 'மாட்டினவர்தானே கழட்டணும். கழட்டுங்க.'

மேலகீழ சிலேட்டிலிருந்து அட்டைக்குப் பார்வையைத் திருப்பினார். டிஸ்க்கில் ஏற்ற வேண்டியதெல்லாம் ஏறிவிட்டது; பென்டிரைவ் இருக்கும்வரை கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அதிலிருந்தே ஆரம்பிக்கிறது; தான் காவல் காத்துக்கொண்டிருந்தது ஏற்கெனவே முடிந்துபோன வேலையை. மறுபடி ஓடவிட்டார். முடிந்து திரை இருண்டதும், ஆண்டவன்மேல் பாரத்தைப் போட்டு, அட்டையைக் கழற்றினார். பென்டிரைவை உருவினார்.

திரை இருட்டாகவே இருந்தது. மச்சான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது. இந்த முறை மொழியைக் கேட்கவில்லை. இதைப் பயன்படுத்தப் போவது யார், பெயர் என்ன என்று கேட்டது.

"அட, மனுசன மதிச்சு பேரக் கேக்குதே!" என்று மச்சான் துள்ளினார். மேலகீழ விலகிக்கொண்டு மனைவியை நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் தன் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் சொன்னபடி பதிவு வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருமிக்கொண்டே பேசும் டாக்டர் போலிருக்கிறது. அடிக்கடி நிறுத்தி, பின்னால் போய்க் கேட்டாள். மேலகீழ வேலைக்குக் கிளம்பாமல் வாசற்படியில் ஷூவைக் கையில் பிடித்தபடி நின்றார். விசைகளின் சத்தம் முதலில் திக்கித் திக்கி வந்தது. போகப்போக சீராக ஓடியது. அனுப்பிவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேற்பார்வை அம்மாவின் பதில் திரையில் வந்தது. 'ஒரு மருந்துப் பெயரில் மட்டும் எழுத்து மாறியிருக்கிறது, இனி கவனி. அடுத்த பதிவு அனுப்புகிறேன்.'

"என்னம்மா, என்ன சொல்றாங்க?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெட்போனைச் சரிசெய்தபடியே, நேரமாச்சு கிளம்புங்க என்று பின்பக்கமாகக் கையை ஆட்டினாள்.