இடைவேளை இல்லாத கச்சேரி

எனக்குக் கோபம் வந்தால் உள்ளே எங்கோ வெட்கம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். என் மனைவிக்கு இது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய அந்தக் கச்சேரி வரைக்கும் ஆகிவிட்டது.

அவள் கடம் வாசிப்பவள். கல்யாணத்துக்கு முன்னால் திருவள்ளூரிலிருந்து தினமும் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள். நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்க்கிறேன். மணவாள நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கடம் துணி சுற்றி உட்கார்ந்திருக்கும். கம்பெனி பஸ்ஸில் என் கூட வருகிறவர்கள், "இன்னாபா, உன் ஊட்டுக்காரி பானை தட்டுதாமே" என்று கலாய்ப்பார்கள். "சோறு வடிக்காத பானை எங்க ஊட்லதான் கீது" என்று நானும் சேர்ந்து சிரிப்பேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால், இளம் பாடகி ஒருத்தி அவளுக்கு போன் செய்தாள். சென்னையின் பழைய சபா ஒன்றில் தனக்குக் கச்சேரி கிடைத்திருக்கிறது, கடத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள். என் மனைவி போனை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். அரிசி களைகிற சாக்கில் அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இதுக்கு எதுக்கு அழுவுற? திருப்பாச்சூர்க் கோயில்ல வாசிச்சியே, ஊரே ஒக்காந்து கேட்டுச்சே" என்றேன்.

"அது கோயிலுங்க. இது அந்த ஹாலு. அங்க ஒக்காந்து வாசிச்சாத்தான் நம்மள வாசிக்கறவங்கன்னே ஒத்துக்குவாங்க."

ஊரே கேட்டது கணக்கில் சேராதாம், அங்கே நூறு பேர் தலையாட்டினால்தான் சேருமாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

"நீங்க வரணும்" என்றாள். "இதுவரைக்கும் நீங்க ஒரு கச்சேரிகூட ஒக்காந்து கேட்டதில்ல. கோயில்லயும் வெளிய நின்னு பேசிக்கினுதான் இருந்தீங்க. பாட்டு பூரா கேக்க வேணாம். தனின்னு ஒண்ணு வரும். அதுவரைக்கும் பாட்டு பின்னாலயே தட்டிக்கினு போவேன். தனிலதான் என் கை தெரியும். அத மட்டுமாவது ஒயுங்கா கேளுங்க."

கேட்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். தனி எப்போது வரும், எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எதையுமே மைக்கில் சொல்லிவிடுவார்கள். திருவிழாவோ, கம்பெனி ஆண்டு விழாவோ, "அடுத்ததாக உங்கள் முன்னால்" என்று ஆளையும் பட்டத்தையும் மூச்சு முட்டச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அங்கேயும் அப்படிச் சொல்வார்கள், சொன்னதும் நிமிர்ந்து உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரியன்று என் அண்ணனும் கூட வந்தார். திருப்பாச்சூரில் நெல் பயிரிடுகிறவர். டிவியில் மட்டுமே பார்த்திருந்த அந்த ஹாலை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெள்ளை வேட்டி சட்டையில் அவர் பாட்டுக்கு ஜம்மென்று நடந்தார். நான்தான் வாசலிலேயே சுருங்கிப்போனேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். கம்பெனி பெயர் பையின் மேல் தைத்திருக்கிறது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. பையின் மேல் கையை வைத்துக்கொண்டே உள்ளே போனேன், நெஞ்சுவலிக்காரன் போல.

பழைய கட்டடம். உயரமான கூரை. சுவர் நெடுக, அந்த மேடையில் பாடியும் வாசித்தும் மறைந்துபோனவர்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் சந்தன மாலை. மேடை ஓரத்தில் விளம்பரத் தட்டி. அதில் இருந்தது எங்கள் கும்மிடிப்பூண்டிக் கம்பி வியாபாரி ஒருவரின் பெயர். அண்ணன் அதைக் காட்டி, "நீங்க உருட்டறதுலதான்டா இங்க பாட்டே ஓடுது" என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. அவர் தொடையைக் கிள்ளினேன்.

அவள் எங்களுக்கு இரண்டாவது வரிசையில் இடம் வாங்கி வைத்திருந்தாள். திரை விலகியதும் மேடையிலிருந்து நேராக எங்களைத்தான் பார்த்தாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. பட்டுப்புடவையில் அவ்வளவு நேராக அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தொடையில் தாளம் போட்டார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். எல்லாருடைய கையும் கவிழ்ந்தபோது என் கை மல்லாந்திருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கையை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இனிமேல் இவர்கள் செய்வதை அப்படியே பார்த்துச் செய்வது, சொந்த மூளையை உபயோகிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

இரண்டு பாட்டுக்கு நடுவில் பெரியவரே பேச்சுக் கொடுத்தார். "எங்கேருந்து வரேள்?"

"திருவள்ளூர்ங்க."

"அந்தக் கடம் வாசிக்கற பொண்ணு யாரோ புதுசா இருக்கா. கை ரொம்ப நன்னாப் பேசறது."

என் பெண்டாட்டிதான் என்று வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணன் முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார், சொல்லுடா என்பது போல. நான் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆமாங்க, நல்லா வாசிக்கறாங்க" என்றேன். என்னைக் காட்டினால் அவள் மதிப்புக் குறைந்துவிடும் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நீளமான பாட்டு. அது முடிந்ததும் பாடகி இரண்டு பக்கமும் திரும்பித் தலையசைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிளாஸ்க்கைத் திறந்து ஏதோ குடித்தாள். உடனே ஹாலில் நாற்காலிகள் கடகடவென்று மடங்கின. முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது. பெரியவரும் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கேன்டீனுக்குப் போறதுன்னா இப்பவே போயிடுங்கோ. அப்புறம் நிக்கக்கூட இடம் கிடைக்காது" என்று எனக்கு நல்லது சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுந்தேன். அண்ணன் எழவில்லை. "பாட்டுக்காரம்மா ஒக்காந்துகினேதான்டா கீது. நம்ம பொண்ணும் எழுந்துக்கல பாரு" என்றார்.

"அவங்க மேடையிலயே டீ குடிச்சுக்குவாங்க. இன்டர்வெல்லு உட்டுட்டாங்க. நீ சொம்மா வாண்ணா, பட்டிக்காட்டான் மாதிரி கேட்டுக்கினு இருக்காத" என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதவு தாண்டும்போது பின்னால் மிருதங்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. சுருதி சேர்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

கேன்டீனில் நெய் மணம் தூக்கியது. அந்தச் சபாவுக்குப் பாட்டைவிட அடையும் அவியலும்தான் பேர் வாங்கிக் கொடுத்தது என்று பின்னால் நின்ற ஒருத்தர் சொன்னார். வடைக்கு டோக்கன் வாங்கிவிட்டு நிமிர்ந்தால், அதே பெரியவர் தட்டோடு எதிரே நிற்கிறார்.

"மெதுவாச் சாப்பிடுங்கோ, அவசரமே இல்லை. தனி ஓடிண்டிருக்கு."

"எதுங்க ஓடுது?"

"தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும். அது முடிஞ்சப்புறம் போனாப் போறும்."

 ஓடினேன். கையில் வடை வந்துவிட்டிருந்தது, அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. "டேய், இன்னாடா ஆச்சு" என்று அண்ணன் இன்னொரு வடையோடு பின்னால் ஓடிவந்தார்.

உள்ளே பாதி ஹால் காலி. எங்கள் வரிசையில் ஒருவர்கூட இல்லை. மேடையில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தினமும் சாம்பார் தாளிக்கிற அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை, அவ்வளவு வேகம். நடுவழியில் நான் நிற்பதை அவள் பார்த்தாள். வாசிப்பு நிற்கவில்லை. முகம் மட்டும் கடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. மிருதங்கமும் அவளும் ஒரே அடியில் வந்து நின்றார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இருந்தவர்கள் கை தட்டினார்கள். எண்ணெய்க் கையில் வடையோடு நின்ற நான் அதையும் செய்யவில்லை. அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பக்கத்தில் போனோம். பாடகி எங்களைப் பார்த்துக் கைகூப்பி, "இவங்க?" என்று அவளிடம் கேட்டாள்.

என் மனைவி கடத்துக்குத் துணி சுற்றிக்கொண்டே, "எங்க ஊர்லேந்து வந்துருக்காங்க" என்றாள்.

"அவ்வளவு தூரத்துலேந்தா! ரொம்ப சந்தோஷம்" என்றாள் பாடகி.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையைப் பார்த்தேன். கொதித்தது எனக்கு. ஒரு மேடை ஏறியதும் ஆலைக்காரப் புருஷன் கசந்துவிட்டான். கம்பெனி சட்டையும் வடையுமாக நிற்கிறவனைக் காட்ட வெட்கம். சென்ட்ரலில் ரயில் ஏறிய பிறகும் வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரன், ஆனால் ரொம்ப நேரம் தாங்கமாட்டேன். ஆவடி தாண்டியதும் வெடித்துவிட்டேன். ஆலை இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை வேறு.

"புருஷன்னு சொல்ல அவ்ளோ வெக்கமா இருக்குதா உனுக்கு? ஊர்க்காரன்ற? நான் யாரோவா?"

பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மடியில் கடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னலைப் பார்த்திருந்தாள்.

"கச்சேரிக்கு முன்னாடியே பாட்டுக்காரம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேங்க" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு மொத தடவையா என் தனி கேக்க வர்றாரு, கொஞ்சம் நேரம் குடுங்கன்னு. சரின்னுச்சு. மிருதங்கம் ஆரம்பிச்சதும் என் பக்கம் சாஞ்சு, யாருங்க உங்க ஊட்டுக்காரருன்னு கேட்டுச்சு. காட்டலாம்னு பாத்தேன்."

என் கை மறுபடியும் சட்டைப் பையின் மேல் போனது. 

"லீவு கெடைக்கல, அவரால வர முடியலன்னு சொல்லிட்டேன்" என்றாள். "வரலன்னு சொன்ன ஆள அப்புறம் எப்டிங்க புருஷன்னு காட்டறது?"