வலது காலுக்கு விட்ட இடம்

எங்கள் கடைக்கு யாரையும் முகம் மலர்ந்து "வாங்க" என்று கூப்பிடவும் முடியாது, கிளம்புகிறவரைப் பார்த்து "போய்ட்டு வாங்க" என்று சொல்லவும் முடியாது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சவப்பெட்டி செய்து விற்கிற கடை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சாவு என்றால் பெரும்பாலும் என்னிடம்தான் வருவார்கள். இதைப் படிக்கிற நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கடை வாசலில், உள்ளே வர மனமில்லாமல், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருப்பீர்கள். அப்படி நின்றவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று வேதத்தில் இருக்கிறதே, அதை எழுத்துப்படி எடுத்துக்கொள்வதா, இல்லை அது வேறொன்றுக்கு அடையாளமா என்று படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். பேசட்டும். என்னிடம் வருகிறவர்கள் அதே கேள்வியை அழுதுகொண்டே கேட்கிறார்கள். அதற்கு ஒரு வழி பண்ணாமல் நான் மூடியை வைத்து ஆணி அடிக்க முடியாது.

கண்ணாடி

சேலையூரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலமானார். உடம்பைப் பெட்டியில் வைத்ததும் அவர் மனைவி மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். பெரிய மகன் அதை எடுத்துவிட்டான். உயிர்த்தெழும்போது மகிமையின் சரீரம் கிடைக்கும், அதில் பார்வைக் குறையெல்லாம் இருக்காது என்றான். சின்னவன் விடவில்லை. உடம்பாவது எழுந்திருப்பதாவது, அதெல்லாம் நம் மனத்தேற்றுதலுக்குச் சொன்னது, கண்ணாடி இருந்தால் உனக்கு என்ன போச்சு என்றான்.

பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். வெளியே வெயிலில் முகம் பார்க்க ஜனம் காத்துக்கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் நன்றாகக் கேட்டிருப்பேன். அதற்குள் அந்த அம்மா பெரியவன் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மறுபடி அதே பையில் வைத்து, சட்டையை நீவிவிட்டார். "சரீரம் எப்படியோ வரட்டும். எழுந்ததும் எதிர்ல நிக்கிறது நான்தானான்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

அஞ்சு அப்பம்

நான் போகிற சபை பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம். அங்கே புதிதாக ஒரு இளம் பாஸ்டர் வந்தார். நிறையப் படித்தவர், நல்ல மனுஷர். ஆண்டவர் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட கதையை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தார். அப்பம் பெருகியது என்று நினைக்க வேண்டியதில்லை, ஒருவர் கொடுப்பதைப் பார்த்து மற்றவர்களும் மூட்டையில் மறைத்து வைத்ததை எடுத்துக் கொடுத்தார்கள், மனசு திறந்ததே அற்புதம் என்றார். எனக்குக்கூட அது பிடித்திருந்தது.

சாமுவேல் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ரயில்வேயில் ஃபிட்டர். முதல் வரிசையில் நின்று மைக்கே தேவையில்லாத குரலில் பாடுகிறவர். வேதத்தில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். ஆராதனை முடிந்ததும் வாசலில் பாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். "எங்க தெருவுல எவன் மூட்டைய அவுத்தாலும் ஒண்ணும் கெடையாது பாஸ்டர். ஆண்டவரு அப்பத்த அப்பமாவே குடுத்தாதான் எங்களுக்கு அது அற்புதம்."

சின்னப் பெட்டி

ஒருநாள் சாமுவேல் அண்ணன் மனைவி எஸ்தர் அக்கா கடைக்கு வந்து சின்னதாக ஒரு பெட்டி வேண்டும் என்றார். குழந்தைப் பெட்டி செய்வதைப்போல் ஒரு கொடுமை இந்தத் தொழிலில் இல்லை. யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டேன். அக்கா குழந்தை இல்லை என்று தலையை ஆட்டினார். அண்ணன் ஓடுகிற மின்சார ரயிலிலிருந்து இறங்கப்போய்த் தவறி விழுந்துவிட்டார், வலது கால் முட்டிக்கு மேலே எடுத்தாகிவிட்டது, அதைத்தான் புதைக்க வேண்டும் என்றார். நல்ல தேக்கிலேயே செய்து கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் பாஸ்டர் அண்ணனிடம் தன்மையாகத்தான் பேசினார். உயிர்த்தெழுதல் என்பது இந்தச் சதையும் எலும்பும் மண்ணிலிருந்து கிளம்பி வருவதல்ல, நம்பிக்கை இழந்தவன் புது வாழ்வுக்கு எழுவது, காலுக்கென்று அடக்க ஆராதனை வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அண்ணன் போர்வைக்குள் தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு அது அடையாளம். எனக்கு அது காலு பாஸ்டர். கடைசி நாள்ல எல்லாரும் எழுந்து நடக்கறப்போ, நான் மட்டும் உக்காந்துகினு இருக்கணுமா?"

தன் கல்லறைக்குத் தானே

பாஸ்டர் வந்தார், ஜெபித்தார். ஏரியை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் பெட்டியை வைத்து ஒரு மரச்சிலுவை நட்டோம். அதற்குப் பக்கத்தில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லி வைத்தார். ஒவ்வொரு ஈஸ்டர் விடியற்காலையும் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து அங்கே பூ வைப்பார். ஷூ வாங்கினால் ஜோடியாகத்தானே தருவார்கள்? இடதைப் போட்டுக்கொண்டு, வலதைப் புதுசாகவே வீட்டில் எடுத்து வைப்பார். கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து அவரும் சிரிப்பார். "தன் கல்லறைக்குத் தானே பூ வெக்கிறவன் இந்தத் தாம்பரத்துலயே நான் ஒருத்தன்தான் தம்பி."

ஏரித் தண்ணீர்

ஒரு ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்து தோட்டத்துக்குள் புகுந்தது. வடிந்தபோது தாழ்ந்த மூலை முழுக்கச் சேறு மூடிக் கிடந்தது. மேட்டுக் கல்லறைகளுக்கு ஒன்றுமில்லை. அண்ணனுடைய மரச்சிலுவையைக் காணோம். மண்ணே அரித்துக்கொண்டு போயிருந்ததால் எது எங்கே என்று குழி வெட்டுகிறவருக்கே தெரியவில்லை. அண்ணன் கட்டையால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சபையில் பாடவே இல்லை. கால் எங்கே இருந்தாலும் ஆண்டவருக்குத் தெரியும் என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் சொன்னேன், வேறு என்ன சொல்வது? என்னை அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "அவருக்குத் தெரியும், சரி. எனக்குத் தெரியலையே தம்பி."

வலது பக்கம்

அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தார். எஸ்தர் அக்கா வந்து, பெட்டியில் வலது காலுக்கும் இடம் விட்டுச் செய் என்றார். விட்டுச் செய்தேன்.

அடக்கத்தன்று காலையில் தோட்டத்துக்குப் போனால், பாஸ்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மூலையில் மண்வெட்டியோடு நிற்கிறார். உடம்பெல்லாம் சேறு. எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. எல்லாம் அடையாளம் என்று சொன்னவருக்கு இப்போது எலும்பு எதற்கு என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. அண்ணனைக் கடைசியாகப் பார்த்தபோது தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். நானும் ஒரு கடப்பாரையை எடுத்தேன். வெயில் ஏறும்வரை தோண்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

பெட்டி வந்தது. பாஸ்டர் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, அக்காவிடம் கிடைக்கவில்லை என்று சொன்னார். அக்கா அழவில்லை. நாங்கள் தோண்டின குழியருகே போய் முந்தானையில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியில் நான் விட்டிருந்த இடத்தில் அதைக் கொட்டி, தொடையிலிருந்து கணுக்கால்வரை கையாலேயே நீளமாகத் தட்டி வைத்தார். பையிலிருந்து ஒரு புது வலது ஷூவை எடுத்து அதன் முனையில் பொருத்தினார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். இது நாங்கள் தோண்டின வெறும் மண் அம்மா என்று பாஸ்டர் மெல்லச் சொன்னார். அக்கா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மண்ணுதான்னு எனக்குத் தெரியாதா பாஸ்டர்? ஆதாமையே மண்ணுலேர்ந்து பண்ணவருக்கு ஒரு காலு பண்ண வராதா?"

எழுத்துப்படியா அடையாளமா என்று யாராவது இன்னும் என்னைக் கேட்டால், இரண்டு கட்சிக்காரர்களும் கடைசியில் என் பெட்டியில்தான் படுத்தாக வேண்டும் என்பதால், அன்றிலிருந்து எல்லாருக்கும் கால்மாட்டில் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டுச் செய்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது.