அடங்கி நடந்த எண்கள்

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிரோடிருந்தது. ஆராய்ச்சிக் கூடத்தின் மற்ற மூலைகளிலெல்லாம் அவர் 'ஏறக்குறைய'தான். மழை வருமா என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், "ஏறக்குறைய நூத்துக்கு முப்பது" என்று ஆரம்பித்து, கேட்டவர் பேருந்தைத் தவறவிடும்வரை விளக்குவார். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் "முழுச் சம்மதமா?" என்று அதிகாரி கேட்டபோது, "பெரும்பாலும்" என்று பதில் சொன்ன ஒரே மாப்பிள்ளை அவர்தான். மணப்பெண் மேசைக்கு அடியில் கொடுத்த கிள்ளில்தான் அந்தத் திருமணம் சட்டப்படி நிறைவேறியது.

நிகழ்தகவில் அவருக்கு இருபத்தாறு வருட உழைப்பு. கதிரியக்க அணு எந்த நொடியில் சிதையும் என்று அணுவுக்கே தெரியாது. ஆனால் நிமிடத்துக்குச் சராசரியாக நூறு சிதையும் என்று சொல்லிவிடலாம். சராசரிதான் நூறு, ஒரு நிமிடம் எண்பத்தொன்பது வரும், அடுத்தது நூற்றுப்பதின்மூன்று வரும். இந்தத் தள்ளாட்டம் இல்லாவிட்டால்தான் பயப்படவேண்டும் என்று நம்மவர் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். அதை முழுதாகப் படித்தவர்கள் இருவர். ஒருவர் பிழை திருத்தியவர்.

கதிரியக்கப் பொருள்களைக் காரீயப் பெட்டிகளில் பூட்டிவைக்கும் அறை தரைத்தளத்தில் இருந்தது. அதன் பொறுப்பாளர் நம்மவரின் மச்சினன். அக்காளும் அத்தானும் செய்த சிபாரிசில் கிடைத்த வேலை. தினமும் காலையில் கதிர்வீச்சை எண்ணும் கருவியைப் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை எண்ணுகிறது என்று பதிவேட்டில் எழுதவேண்டும். எண்ணிக்கை நூறைச் சுற்றி இருந்தால் பெட்டிகள் ஒழுங்காக மூடியிருக்கின்றன, அறையில் இருப்பவர் உயிருக்குப் பழுதில்லை என்று அர்த்தம். மாதக் கடைசியில் நம்மவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். எட்டு மாதமாக அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'மிகச் சுத்தமான பதிவு' என்று பாராட்டும் சேர்த்துவந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சொற்பொழிவு ஒன்றுக்கு உதாரணம் தேவைப்பட்டு அந்தப் பதிவேட்டை வாங்கி வரைபடம் போட்டார். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் குன்று வரவேண்டும். விளக்குக் கம்பம் வந்தது. இருநூறு நாளில் ஒரு நாள்கூடத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவில்லை, நூற்றைந்துக்கு மேலே ஏறவில்லை. இது தானாக நடக்க என்ன வாய்ப்பு என்று கணக்கிட்டார். ஒன்று எழுதி, அடியில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே இன்னொரு ஒன்று போட்டு, அதற்குப் பின்னால் எழுபத்தைந்து சைபர் போடவேண்டியிருந்தது. அறுபதாவது சைபரில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஓடியதை அன்றுதான் கட்டிடம் பார்த்தது.

"மச்சான், கருவியப் போடு."

"இப்பவா அத்தான்? காலையிலேயே எழுதிட்டேனே. தொண்ணூத்தெட்டு."

"போடுன்னா போடு!"

மச்சினன் கருவியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் அத்தானின் செருப்பைப் பார்த்தான். "அது ஓடாது அத்தான். தூசி தட்டும்போது கீழ போட்டுட்டேன். சொன்னா வேலை போயிடும்னு..."

"எப்போ?"

"எட்டு மாசம் இருக்கும். ஆனா ஒரே நம்பரா எழுதல. கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சு, நேத்துப் போட்டது இன்னிக்கு வராம பாத்துப் பாத்துத்தான் எழுதினேன்!"

உலகம் முழுதும் பொய்க் கணக்கு எழுதுபவர்கள் செய்யும் தப்பு அதுதான். இயற்கைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நேற்றுப் போட்டதையே இன்றும் போடும், நாளை தலைகீழாகக் குதிக்கும். மச்சினன் நல்ல பிள்ளை, நடுவிலேயே நடந்தான். புத்தகம் எழுதியவரோ அதைத்தான் சுத்தம் என்று மெச்சினார்.

ஆக, பெட்டிகள் மூடியிருக்கின்றனவா என்பது எட்டு மாதமாக ஒருவருக்கும் தெரியாது. மச்சினன் அந்த எட்டு மாதமும் பெட்டிகளிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தான்.

நம்மவர் தன் ஆய்வகத்திலிருந்த அதே ரகக் கருவியைத் தூக்கிவந்தார். டிக், டிக்டிக், டிக். முதல் நிமிடம் நூற்றிருபத்துநாலு.

"கூடவா அத்தான்?"

"கூடத்தான். ஆனா நூறு தடவை எண்ணினா ஒரு தடவை சும்மாவே இப்படி வரும்."

"இது அந்த ஒரு தடவையா?"

"ஒரு நிமிஷத்த வச்சு சொல்ல முடியாது. பத்து நிமிஷம் எண்ணணும்."

அப்போதுதான், அடுத்த அறையில் நூலகராக இருந்த மனைவி, கணவர் ஓடிய செய்தி கேட்டு உள்ளே வந்தாள். இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைக் கறந்தாள். தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"வெளிய வாடா."

"அக்கா, அத்தான் இன்னும் எண்ணி முடிக்கல..."

"அவரு எண்ணி முடிக்கிறதுக்குள்ள நீ முடிஞ்சிடுவ. என்னங்க, நீங்களும் வாங்க! வெளிய நின்னு எண்ணினா எண்ணாதா?"

"வெளிய நின்னா வெளியில இருக்கிறதத்தான் எண்ணும்மா. நீங்க போங்க."

அவர்கள் வராந்தாவில் நின்றார்கள். இரண்டாவது நிமிடம் நூற்றொன்பது. வராந்தாவில் மூச்சு வந்தது. மூன்றாவது, நூற்றுமுப்பத்தொன்று. தம்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான், அவள் தட்டிவிடவில்லை. நாலாவது நிமிடத்தில் நம்மவருக்கே விடை தெரிந்துவிட்டது. இருந்தும் பத்தையும் எண்ணினார், முன்பு எண்ணாததற்கெல்லாம் சேர்த்து. ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு. வெறும் தள்ளாட்டம் இந்த உயரத்துக்கு ஏறாது.

பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்ததில், மேல்தட்டில் ஒரு பெட்டியின் மூடி விரற்கடை அளவு விலகியிருந்தது. அறையைப் பூட்டினார்கள். அறிக்கையில் 'தவறுக்குப் பொறுப்பு' என்ற கட்டத்தில் மச்சினன் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் எட்டுக் கையெழுத்துக்காரர் தன் பெயரை எழுதியிருந்தார், ஏறக்குறைய என்ற சொல் எங்குமே இல்லாமல். மச்சினனைத் தோட்டப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். அத்தானிடமிருந்து கையெழுத்திடும் அதிகாரத்தைப் பிடுங்கினார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் மச்சினன் கண்ணாடியில் தலைமுடியை எண்ணினான். முடிவில் குறை ஒன்றும் இல்லை.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாது, இல்ல அத்தான்?"

"உன் உடம்புல பட்ட அளவுக்கு, பத்தாயிரம் பேர எடுத்துக்கிட்டா..."

"அந்தப் பத்தாயிரம் பேர அப்புறம் விசாரிக்கலாம்" என்றாள் மனைவி. "இவனுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பொய் சொல்ல அது நல்ல தருணம், நம்மவருக்கு வரவில்லை.

"சொல்ல முடியாது மச்சான். வருஷா வருஷம் பரிசோதனை பண்ணிக்கணும். நானும் கூட வரேன்."

ஏழு வருடமாகப் போகிறார்கள். ஊசி போடும்போது மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அத்தான் அவன் தோளைப் பிடித்தபடி, அடுத்தது நீங்களா என்று கேட்கும் செவிலியிடம் இல்லை, துணைக்கு வந்தவன் என்று தலையாட்டுவார்.