பொண்ணு பாக்க வந்தப்ப அக்கா ஆடுன கடைசி ஸ்டேஜ்

அடாப்டர் சூடாகுற வாசனை ஞாபகம் இருக்கா? பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து லேசா கருகுற மாதிரி… இப்ப எங்கயாச்சும் அந்த வாசனை அடிச்சா, எனக்கு அவனியாபுரம் வீட்டு முன் ரூம்தான் கண்ணுல வரும்.

டிவி கேம் காலம் அது. கேசட்டை எடுத்து, வாயால ஊதி, சொருகி, படம் வரலேன்னா மறுபடி ஊதி…

வீட்டுல எல்லாரும் ஆடுவோம். ஆனா வெறி பிடிச்சு ஆடுனது எங்க அக்காதான். காலேஜ் முடிச்சிட்டு ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்ட்டிருந்தா. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு டிவி அவளுக்குத்தான்.

ரெண்டு பேர் துப்பாக்கியோட காட்டுக்குள்ள ஓடுற கேம். கடைசி ஸ்டேஜ்ல ஒரு ராட்சசன் வருவான். வாயத் தொறந்து நெருப்பு கக்குவான். அவன் வாய் தொறந்திருக்கிற நேரத்துல சுட்டாத்தான் அடி விழும். எங்க தெருவுல ஒருத்தரும் அவனை முடிச்சது இல்ல.

சேவ் எல்லாம் கிடையாது. கரண்ட் போனா முதல்ல இருந்து. எங்க கேசட்டுக்கு இன்னொரு வியாதி வேற… ஆட்டத்தை நடுவுல நிறுத்தி வைக்க பாஸ் பட்டனை அமுக்குனா, படம் அப்படியே உறைஞ்சுரும், திரும்ப ஓடாது. அப்புறம் ரீசெட்தான்.

அக்கா தோத்துப் போவா. எந்திரிச்சுப் போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்து மறுபடி உக்காருவா. "அவன் எப்ப வாயத் தொறக்குறான்னு பிடிபட்டுருச்சுடி… அடுத்த தடவை விடமாட்டேன்"னு சொல்லுவா. இப்படியே எத்தனையோ ஞாயித்துக்கிழமை போச்சு.

அந்த ஒரு ஞாயித்துக்கிழமை…

அக்காவைப் பொண்ணு பாக்க வாராங்க. ராகு காலம் முடியட்டும், ஆறு மணிக்கு மேல வாரோம்னு சொல்லியிருந்தாங்க. அம்மா அப்பத்தான் கேசரிக்கு ரவை வறுத்துட்டு இருந்துச்சு. அக்கா நைட்டியில, தலையை அள்ளிக் கொண்டை போட்டுட்டு, டிவி முன்னாடி. கடைசி ஸ்டேஜ் வந்தாச்சு. கூட ஆடுன நான் முந்தின ஸ்டேஜ்லயே செத்துட்டேன். அவளுக்கு மிச்சம் ஒரே லைஃப்.

வாசல்ல ஆட்டோ வந்து நின்ன சத்தம்.

மாப்பிள்ளை, அவரோட அம்மா, தாய்மாமா… மூணு பேரும் செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள வந்துட்டாங்க. திருப்பரங்குன்றத்துல சாமி கும்பிட்டது சீக்கிரமே முடிஞ்சிருச்சாம். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பொண்ணைப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்துட்டாங்க. மணி அப்ப நாலேகால்.

அப்பாவுக்கு முகமே மாறிருச்சு. "எந்திரி ஆத்தா. போயி சேலையக் கட்டு."

"அஞ்சே நிமிஷம்ப்பா." கண்ணு டிவியை விட்டு நகரலை.

அம்மா கரண்டியோட ஓடி வந்து காதுல கெஞ்சுது. "ஏத்தா, மானத்த வாங்காத."

"ஆறு மணின்னுதானம்மா சொன்னாங்க? இம்புட்டுத் தூரம் வந்துட்டு விட முடியாது."

அப்பா சுவிட்ச் போர்டு வரைக்கும் போயிட்டார். வந்தவங்க முன்னாடி பொண்ணு கூட மல்லுக்கு நிக்க முடியுமா? பல்லைக் கடிச்சிட்டு நின்னுட்டார்.

எனக்கு அப்பாவை நினைச்சா பயம்தான். ஆனாலும் மனசுக்குள்ள, "விடாதக்கா, விடாதக்கா"ன்னுதான் இருந்தேன்.

தாய்மாமா வாட்சைப் பாக்குறார். மாப்பிள்ளையோட அம்மா முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க, அப்புறம் அவங்களே சேர் நுனிக்கு வந்துட்டாங்க. மாப்பிள்ளை மெதுவா, "இப்ப… இப்ப சுடுங்க"ன்னார். தாய்மாமா திரும்பி ஒரு பார்வை பாத்தார்.

நாலரை நெருங்கிருச்சு. தாய்மாமா எந்திரிச்சார். "ராகு காலம் வர்றதுக்குள்ள வாசல் தாண்டிருவோம். இன்னொரு நாள் பாப்போம்." அந்தக் குரல்லயே தெரிஞ்சு போச்சு, இன்னொரு நாள்னு ஒண்ணு இல்லைன்னு. மாப்பிள்ளை வாசப்படியில நின்னு டிவியைத் திரும்பிப் பாத்தார். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க.

ஆட்டோ தெருமுனை திரும்பியிருக்காது… ராட்சசன் வெடிச்சான்!

ரெண்டு வரி இங்கிலீஷ் வந்துச்சு. திரும்ப முதல் ஸ்டேஜ். அம்புட்டுத்தான்.

அக்கா ஜாய்ஸ்டிக்கைக் கீழ வச்சா. "முடிச்சிட்டேன்டி"ன்னு என்கிட்ட சொல்லிட்டு, எந்திரிச்சுப் போய் அப்பா முன்னாடி நின்னா. அவர் திட்டுனது மொத்தத்தையும் தலை குனியாம வாங்கிக்கிட்டா.

பொண்ணு சொல் பேச்சு கேக்காது போலன்னு ஆள் விட்டுச் சொன்னாங்க. பொய்யின்னு சொல்ல முடியாதே!

அப்புறம் வேற இடத்துல அமைஞ்சது. அத்தான் தங்கமான மனுஷன். அன்னைக்கு நடந்ததுக்கு வருத்தமா அக்கான்னு ஒரு தடவை கேட்டேன். "எந்திரிச்சிருந்தாத்தான்டி வருத்தம்"னா.

இப்ப என் பையன் அதே கேமை லேப்டாப்ல ஆடுறான். நினைச்ச இடத்துல சேவ். செத்தா அங்கிருந்தே ஆரம்பம். ஜெயிச்சா தங்கக் கோப்பை ஒண்ணு மின்னுது, அதை உடனே குரூப்ல போட்டுர்றான். அவனும் கஷ்டப்பட்டுத்தான் ஆடுறான், குறை சொல்லலை. ஆனா எழுந்தா எல்லாம் போச்சுன்னு மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கிற அந்தத் தவிப்பு அவனுக்குத் தெரியாது. பெரியம்மா இதை அப்பவே முடிச்சாங்கன்னு சொன்னா, ஸ்க்ரீன்ஷாட் எங்கம்மான்னு கேக்குறான்.

போன மாசம் கோச்சடையில ஒரு கல்யாணம். நானும் அக்காவும் பந்திக்குக் காத்திட்டு இருந்தோம். வயசான ஒரு அம்மா அக்காவையே உத்துப் பாத்துட்டு இருந்தாங்க. கிட்ட வந்து கையைப் பிடிச்சாங்க.

"ஏத்தா, நீ அவனியாபுரத்துப் பொண்ணுதான? நாங்க உன்னையப் பொண்ணு பாக்க வந்தோமே…"

அக்காவுக்கு முகம் வெளிறிப் போச்சு. அவங்க இன்னும் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி கேட்டாங்க.

"அன்னைக்கு டிவியில ஒருத்தன் நெருப்பு கக்கிட்டு இருந்தானே… கடைசியில செத்தானா இல்லையா?"

"செத்துட்டான் அத்தை. நீங்க கெளம்புன உடனே."

அந்தம்மா பந்திப் பக்கம் திரும்பி, நரைச்ச தலையோட இலை முன்னாடி உக்காந்திருந்த மகனைப் பாத்து சத்தமா சொன்னாங்க.

"டேய்… செத்துட்டானாம்டா!"