பொட்டு வைத்த பிரெய்ல் கருவி

எங்கள் அறைக்குப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பெயர் நீளமானது. பலகையில் இரண்டு வரி பிடிக்கும். மாணவர்கள் சுருக்கமாக ‘ஸ்கேன் ரூம்’ என்பார்கள். பார்வையில்லாத மாணவர்கள் படிக்கும்படி பாடங்களை மாற்றிக் கொடுப்பதும், அவர்களுக்கான கருவிகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. கேட்பதற்குப் பெரிய சேவை மாதிரி இருக்கும். உண்மையில் பாதி நாள் பேராசிரியர்களோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும். பாடக்குறிப்பு அனுப்புங்கள் சார் என்றால் செல்போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். பக்கத்தின் ஓரத்தில் அவர்களுடைய கட்டைவிரலும் இருக்கும். தமிழில் அடித்து அனுப்புகிறவர்கள் அதற்கும் மேல். ஏதோ பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டர் அதை வாசித்துச் சொல்லும்போது ஒரு வார்த்தை விளங்காது. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடிப்பேன். திட்டிக்கொண்டேதான் அடிப்பேன்.

இதற்கு முன்பு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆவணப் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு எண் தப்பினால் உற்பத்தி லைனே நின்றுவிடும். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் மண்ணூரிலிருந்து வரும் ஒரு மாணவியின் கதையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அவள் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பாவுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் வேலை. போகிற வழியில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள், புள்ளியியல் தாளில் மட்டும் அரியர் வைத்திருந்தாள். பாடம் தெரியாமல் இல்லை. பார்வையில்லாதவர்களுக்குத் தேர்வில் எழுதித் தர ஒருவரைக் கொடுப்பார்கள், ஸ்க்ரைப் என்போம். இவள் சொல்லச் சொல்ல எழுதிய பிள்ளை, அட்டவணையில் ஒரு வரிசையை விட்டுவிட்டது. அதற்குக் கீழே வந்த கணக்கெல்லாம் தப்பு. எழுதின பிள்ளைக்கும் தெரியவில்லை, சொன்ன இவளுக்கும் தெரியவில்லை.

இனிமேல் கம்ப்யூட்டரில் நானே அடித்து எழுதுகிறேன் என்றாள். அதற்கான கருவி எங்கள் அறையில் இருந்தது. கீபோர்டு நீளத்துக்கு ஒரு பெட்டி. அதன் முன்பக்கம் வரிசையாக நாற்பது கட்டங்கள் (செல் என்போம்), ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியான ஓட்டைகள். கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் வரி, அந்த ஓட்டைகள் வழியாக ஊசிமுனைகளாக மேலே எழும்பும். விரலால் தடவிப் படிக்கலாம். குரலில் கேட்டால் எண்கள் கடகடவென்று ஓடிவிடும். விரலில் படித்தால் நின்று, திரும்பிப் போய், சரிபார்க்கலாம். நல்ல பைக் ஒன்று வாங்குகிற விலை. எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் நடையாய் நடந்தோம். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் மெஷின் என்றாலே நடுவில் நின்றுபோகும் என்று நம்புகிறவர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்த மறுநாள், அவர் முன்னால் ஒரு மாதிரித் தேர்வு. ஒழுங்காக நடந்தால் அனுமதி. இல்லையென்றால் படிப்பு முடியும்வரை ஸ்க்ரைப்தான், மறுபடி வந்து நிற்கக் கூடாது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் பொரியும் கடலையும் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். கம்பெனிகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் அந்த நாளை யாரும் தாண்டிப் போக முடியாது. கம்பெனி பஸ்ஸுக்கு வாழைக்கன்று, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு மாலை, ஒவ்வொரு கேட் வாசலிலும் உடைத்த பூசணிக்காய். படப்பையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவின் ஸ்டியரிங்கில்கூட சந்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அறையைச் சுத்தம் செய்யும் அக்கா சுங்குவார்சத்திரத்துக்காரர். முன்பு செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவர். விடுமுறைக்கு முன்னால் அவரிடம் சாவியைக் கொடுத்து, “எல்லாத்தையும் துடைச்சு, பூஜை போட்டுட்டுப் பூட்டிடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பல்கலைக்கழகம் திறந்த காலையில் அறை பளபளவென்று இருந்தது. பிரிண்டருக்கு ஒரு பொட்டு, ஸ்கேனர் மூடிக்கு ஒரு பொட்டு. பிரெய்ல் கருவிக்கு மட்டும் நாற்பது கட்டங்கள் மேலேயும் வரிசையாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காய்ந்து கெட்டியாகி ஓட்டைகளை அடைத்திருந்தது. சுவிட்சைப் போட்டேன். ஒரு முனைகூட எழும்பவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“இன்னா மேடம் இப்டி பேசுற. கம்பெனில எல்லா மிசினுக்கும் வச்சிக்கினுதான இருந்தோம். பாப்பா தெனம் இதத்தான தொட்டுத் தொட்டுப் படிக்குது. இதான்கா என் கண்ணுன்னு அதுவே சொல்லிச்சு. அதான் இதுக்கு மட்டும் நெறைய வச்சேன்.”

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குமேல் யாரைத் திட்டுவது? எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கருவி விற்ற கடைக்குப் போன் செய்தேன். சர்வீஸுக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மெல்லிய பிரஷ்ஷில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டிப் பாருங்கள் என்றார்கள். வேதியியல் துறையில் கெஞ்சி ஸ்பிரிட் வாங்கி வந்தேன். அதற்குள் மாணவி வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்தது. கருவியின் கட்டங்களை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு பையை வைத்துவிட்டு, “மேம், அக்காவைக் கூப்பிடுங்க. டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல” என்றாள்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா டார்ச் பிடித்தார், நான் பிரஷ்ஷால் சுரண்டினேன், அவள் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தடவி, இது எழும்புது, இது எழும்பல என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மதியச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை. அறை முழுக்க ஸ்பிரிட்டும் சந்தனமும் கலந்த வாசனை. சாயங்காலம் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரத்துக்கு எல்லாம் உயிர் பெற்றுவிட்டன, நடுவில் இருந்த மூன்று கட்டங்களைத் தவிர. அந்த மூன்றும் என்ன செய்தும் அசையவில்லை.

மறுநாள் கட்டுப்பாட்டு அலுவலர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். “மெஷின்லாம் கண்டிஷனா இருக்குல்ல?”

இருக்கு சார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இல்ல சார். மூணு செல் வேலை செய்யல. ஆனா நான் எழுதிடுவேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, கெடுத்தாயே என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இதுக்குத்தாம்மா சொன்னேன். பேசாம ஸ்க்ரைபே வச்சுக்கலாமே?”

“சார், ஸ்க்ரைப் எழுதினா எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இதுல எந்த மூணு செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த எடத்துல எண் வந்தா வரியைக் கொஞ்சம் தள்ளிப் படிச்சுக்குவேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வினாத்தாள் இருந்த பென் டிரைவை நீட்டினார்.

அவள் படித்தாள், தள்ளினாள், திரும்பப் படித்தாள், அடித்தாள். ஓர் இடத்தில் நின்று, மேலே போய், தானே ஓர் எண்ணைத் திருத்தினாள். அதை அவரும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனார். அந்த வாரமே அனுமதி வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியவில்லை. அக்காதான் கிட்டே இருந்தார்.

அன்றைக்கு அவள் அக்காவின் விரலைப் பிடித்துக் கருவியின் மேல் வைத்தாள்.

“இன்னா பாப்பா, குத்துது?”

“உங்க பேருதான்கா. தமிழ்ல அடிச்சிருக்கேன்.”

அக்கா விரலை எடுக்கவே இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை இரண்டு முறை தடவினார். “அடுத்த பூசைக்கு மூடி போட்டுட்டு மூடி மேல வைக்கிறேன்” என்றார்.

உண்மையான தேர்வு நவம்பரில் வந்தது. கருவி சரியாக ஓட வேண்டுமே என்று நான் வாசலிலேயே நின்றேன். அக்காவும் வாளியை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மழைநாள், மின்சாரம் ஒருமுறை போய் வந்தது, பேட்டரி தாங்கியது. நேரம் முடிந்ததும் கண்காணிப்பாளர் பிரிண்ட் எடுத்த விடைத்தாளை அடுக்கி, முகப்புத் தாளில் விவரங்களை நிரப்பத் தொடங்கினார். வேறொரு துறையிலிருந்து கடைசி அரைமணிக்கு மட்டும் மாற்றாக வந்தவர், இவளைத் தெரியாதவர். பதிவெண்ணை எழுதிவிட்டு, பார்வையில்லாத மாணவர்களிடம் வழக்கமாகக் கேட்பதைத் தலை நிமிராமல் கேட்டார்.

“எழுதினவங்க யாரும்மா? அவங்க பேரு சொல்லு.”

அவள் தன் பெயரைச் சொன்னாள்.